ஜிசிசியா, எல்எல்விஎம்மா: 8 ஜிபி லப்டொப்பில் எதைக் கட்டலாம்?

கொழும்பில் கம்பஸ் பிள்ளைகள் பலரிடம் இருப்பது விண்டோஸ் போட்ட 8 ஜிபி லப்டொப். நாம் எழுதும் நிரலைக் கணினி ஓட்டக்கூடியதாக மாற்றும் கொம்பைலர் பற்றிய பாடம் தொடங்கியதும், ஒன்றை மூலநிரலில் இருந்து நாமே கட்டிப் பார்த்தால் என்ன என்ற ஆசை வரும். ஜிசிசி என்ற கொம்பைலர் ஒரு பக்கம், எல்எல்விஎம் என்ற கொம்பைலர் தொகுப்பும் அதன் சி, சி++ கொம்பைலரான கிளாங்கும் மறுபக்கம். கட்டிப் பழக ஜிசிசி, உள்ளே கைவைத்து மாற்றிப் பார்க்க எல்எல்விஎம் என்பது என் கட்சி. எதை எடுத்தாலும் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் நினைவகம் (ராம்)தான்.

விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2 போடுவதா, தனியாக உபுண்டு லினக்ஸ் போடுவதா என்று அதிகம் யோசிக்க வேண்டாம். டபிள்யூஎஸ்எல்2 வழமையாக மொத்த நினைவகத்தில் பாதியைத்தான் எடுக்கும். 8 ஜிபியில் பாதி 4. ஜிசிசி அதில் எப்படியோ தவழ்ந்து போகும், எல்எல்விஎம் திணறும். டபிள்யூஎஸ்எல்லின் அமைப்புக் கோப்பில் 6 ஜிபி என்று எழுதி, டிஸ்க்கை நினைவகம்போலப் பயன்படுத்தும் ஸ்வாப்பையும் கூட்டிக்கொள்ளுங்கள். மூலநிரலை சி டிரைவில் வைக்காமல் லினக்ஸின் ஹோம் கோப்புறையிலேயே வையுங்கள். சி டிரைவில் வைத்தால் ஒவ்வொரு கோப்பைத் திறக்கவும் நேரம் பிடிக்கும். டிஸ்க்கில் இடமிருந்தால் தனி உபுண்டுவே மேல்.

ஜிசிசி 1987இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்டது. வயதுக்கேற்ற பிடிவாதமும் உண்டு, ஆனால் கேட்பது கொஞ்சம். கட்டுவதற்கான அடிப்படைக் கருவிகள் அடங்கிய உபுண்டுவின் பில்ட்-எசென்ஷியல் பொதியைப் போட்டு, சுமார் 100 எம்பி அளவுள்ள மூலப்பொதியை இறக்கினால் பாதி வேலை முடிந்தது. ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி என்ற கணித நூலகங்களைத் தேடித் திரிய வேண்டியதில்லை; மூலத்திற்குள்ளேயே இருக்கும் ஒரு ஸ்கிரிப்ட் அவற்றை இறக்கித் தரும். மூலக் கோப்புறைக்குள்ளேயே கட்டாமல் பக்கத்தில் வேறொரு கோப்புறை திறந்து கட்டுங்கள். கட்டுமுன் விருப்பங்களைக் கொடுக்கும் கான்ஃபிகர் கட்டத்தில், 32 பிட்டுக்கும் சேர்த்துக் கட்டும் மல்டிலிப்பை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் 32 பிட் சி நூலகத்தின் தலைப்புக் கோப்புகளைக் கேட்கும், அவை இல்லையென்றால் நடுவழியில் நிற்கும்.

ஜிசிசி வழமையாகத் தன்னை மூன்று தரம் கட்டும். உங்கள் பழைய கொம்பைலர் முதல் ஜிசிசியைக் கட்டும், அது இரண்டாவதைக் கட்டும், இரண்டாவது மூன்றாவதைக் கட்டும். பிறகு இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்கும். அழகான சோதனைதான், ஆனால் லப்டொப்பில் மணிக்கணக்காக ஓடும். முதல் தடவை அதை நிறுத்திவிட்டு, சி, சி++ இரண்டை மட்டும் கட்டினால் போதும்.

எல்எல்விஎம் 2000இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னரும் விக்ரம் அத்வேயும் தொடங்கியது. நிரல் வாசிக்க ஒழுங்காக இருக்கும். சொந்தமாக ஒரு மொழி எழுதும் எண்ணம் இருந்தால் யோசிக்கவே தேவையில்லை. ஆயத்தம்தான் கூட. கட்டுவதற்கு ஒழுங்கு செய்யும் சிமேக் கருவி குறைந்தது 3.20 பதிப்பு வேண்டும், உபுண்டு 20.04இல் வருவது 3.16. ஆகவே 22.04 அல்லது அதற்குப் பிந்தியதைப் போடுங்கள். பைதனும், கட்டும் வேலையை ஓட்டும் நிஞ்சாவும் வேண்டும். மூலநிரலை இறக்கும் கிட் கருவியில் முழு மாற்ற வரலாற்றையும் இறக்கினால் மாதத்து டேட்டாவில் ஜிபி கணக்கில் போய்விடும். ஆழம் 1 என்று கொடுத்துக் கடைசி நிலையை மட்டும் எடுங்கள்.

பிழை தேட உதவும் தகவலோடு, டிபக் வகையில் கட்டினால் டிஸ்க்கில் 15 முதல் 20 ஜிபி வரை போகும், கட்டிய துண்டுகளை ஒன்றாக இணைக்கும் கட்டத்தில் நினைவகமும் காலியாகும். அப்போது திரையில் வருவது கொம்பைலரின் உள்பிழை மாதிரித் தெரியும், பக்கத்தில் ‘கில்ட்’ என்று ஒரு சொல். நிரலில் பிழை தேடாதீர்கள். நினைவகம் போதாமல் லினக்ஸ்தான் அந்த வேலையைக் கொன்றிருக்கும். டிபக் தகவல் இல்லாத ரிலீஸ் வகை, இலக்கு எக்ஸ்86 ப்ராசஸர் மட்டும், இணைப்பு வேலை ஒரு நேரத்தில் ஒன்று, இணைப்பதற்கு எல்எல்விஎம்மின் எல்எல்டி கருவி: இந்த நாலையும் சிமேக்கிடம் சொல்லிவிட்டால் 8 ஜிபியிலும் ஒப்பேற்றலாம்.

அப்புறம் கரண்ட். 2022இல் மின்வெட்டால் பட்ட பாடு இப்போது இல்லை, என்றாலும் இரவில் ஓடவிட்டுப் படுக்கிறவர்கள் யோசிக்க வேண்டும், முக்கியமாக யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டொப்காரர். ஜிசிசியைக் கட்டும் வேலையை ஓட்டும் ‘மேக்’ என்ற கருவி, கோப்பின் நேரத்தை மட்டுமே பார்க்கும். கரண்ட் போன நொடியில் அரைகுறையாக எழுதப்பட்ட ஆப்ஜெக்ட் கோப்பை (கட்டிய துண்டை) அது முடிந்ததாகவே எடுத்துக்கொள்ளும், பிறகு இணைக்கும்போது புரியாத பிழை வரும். பூச்சிய பைட் ஆப்ஜெக்ட் கோப்புகளைத் தேடி அழித்துவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். எல்எல்விஎம் பக்கத்து நிஞ்சாவோ முடித்த வேலைகளைத் தனிப் பதிவேட்டில் குறித்துக்கொள்ளும். பதிவில் இல்லாததைத் திரும்பக் கட்டும். இந்த ஒரு விடயத்தில் எல்எல்விஎம் பக்கம்தான் நிம்மதி.

இன்னொரு 8 ஜிபி வாங்க முடிந்தால் மேலே சொன்ன பாதிக் கவலை போய்விடும். ஆனால் கணினிக் கடைகள் உள்ள பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் பஸ் ஏறுமுன், உங்கள் லப்டொப்பில் வெற்று ஸ்லொட் இருக்கிறதா, நினைவகம் போர்டிலேயே ஒட்டியதா, அதன் வகை டிடிஆர்4ஆ டிடிஆர்5ஆ என்று பார்த்துக்கொள்ளுங்கள்.