சித்தியின் கிளினிக் கொப்பி: திருகோணமலையில் மூன்று வாரங்கள்

கடந்த ஆவணியில் ஊருக்குப் போயிருந்தபோது, உவர்மலையில் வசிக்கும் என் சித்தியை அவருடைய மாதாந்த மனநல கிளினிக்குக்கு அழைத்துச் சென்றேன். காலை ஆறரைக்கு இலக்கத் துண்டு எடுத்து, பதினொன்றரைக்கு வைத்தியரைக் கண்டோம். கொப்பியைப் புரட்டியபடி நித்திரையையும் பசியையும் பற்றி அவர் கனிவாகவே விசாரித்தார். ஆனால் வெளியே காத்திருந்த கூட்டத்துக்கு, ஒருவருக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குவதே பெரிய காரியம். மருந்துக்கு ஒரு சதமும் செலவாகவில்லை. சித்தியைப் படுக்கையிலிருந்து எழுப்பி அடுப்படிக்குக் கொண்டுவந்தது அந்த மருந்துதான் என்பதை நான் மறக்க மாட்டேன்.

நான் தேடிப்போனது அதற்கு அடுத்த படியை: தேறியவர் மீண்டும் விழாமல் இருக்கும் வழியை. மூன்று தடவை மனச்சோர்வில் விழுந்து எழுந்த எனக்கு, இலண்டனில் மைன்ட்புல்னஸ், அதாவது இந்தக் கணத்தில் நடப்பதை நல்லது கெட்டது என்று தீர்ப்பிடாமல் கவனிக்கும் பழக்கம், அடிப்படையிலான சிகிச்சைக் குழுவொன்றில் இடம் கிடைத்தது. சிகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்னும் மூவர் உருவாக்கிய இம்முறையில், வாரத்துக்கு ஏறத்தாழ 2 மணித்தியாலம் வீதம் 8 வாரங்கள் கூடியிருந்து பழக வேண்டும். "நான் எல்லோருக்கும் பாரம்" என்ற எண்ணம் எழும்போது, அதை உண்மையென்று பற்றிக்கொண்டு இரவு முழுவதும் மனத்துக்குள் அரைத்துக்கொண்டிருப்பதே மீண்டும் நோய்க்குள் இழுக்கிறது. அதை வந்துபோகும் ஓர் எண்ணமாகக் காண்பதற்கே இந்தப் பழக்கம். 2000 ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், மூன்று தடவைக்குக் குறையாமல் பாதிக்கப்பட்டிருந்தவர்களுள் வழமையான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 66 வீதமானோருக்கு நோய் திரும்பியது; இப்பயிற்சியையும் பெற்றோரில் அது 37 வீதமாக இருந்தது. இதை நம்பி மருந்தைத் தாமாக நிறுத்துவது ஆபத்து என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சித்தியின் கிளினிக்கில் இருந்த இளம் உளவளத்துணையாளரிடம், இப்படியொரு குழு இங்கே உண்டா என்று கேட்டேன். "தமிழில குழு இல்லை அக்கா, மூச்சுப் பயிற்சி மட்டும் தனித்தனியாகச் சொல்லிக்குடுக்கிறன்" என்றார். தாழ்வாரத்து வாங்கிலேயே சித்திக்கும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். யுத்தத்தையும் சுனாமியையும் கண்ட ஒரு மாவட்டத்தில், தேறியவர்கள் மீண்டும் விழாமல் காக்கும் ஒரு குழுவேனும் அங்கே தமிழில் இல்லாதது எனக்குப் பெரும் வேதனையாக இருந்தது. ஒரு மண்டபமும் பாய்களும் முறையாகப் பயின்ற ஒருவரும் போதுமே.

அன்று மாலை டச்சுக் குடாக் கடற்கரையில், மூன்று நிமிட மூச்சுப் பயிற்சியைத் தொலைபேசியில் பதிந்து சித்திக்குப் போட்டுக்காட்டினேன். "சுவாசத்தை அவதானியுங்கள்" என்ற இடத்தில் அவருடைய தோள்கள் இறுகின.

"அவதானம் எண்டால் ரோட்டில பள்ளம் வெட்டின இடத்தில எழுதி வைக்கிறதெல்லோ பிள்ளை? என்னவோ நடக்கப்போகுது மாதிரிக் கிடக்கு."

நான் அழித்துவிட்டு, "மூச்சு போறதையும் வாறதையும் சும்மா பார்த்துக்கொண்டிருங்கோ" என்று மறுபடி பதிந்தேன். இம்முறை கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார். பயிற்சி பெற்ற ஆசிரியருக்கு இது ஈடாகாதுதான். ஆயினும் அந்தப் பதிவை உளவளத்துணையாளருக்கும் அனுப்பினேன். கால்விரலிலிருந்து தலைவரை உடலைக் கவனிக்கும் நீண்ட பயிற்சியையும் இதே பேச்சில் பதிந்து தரும்படி கேட்டிருக்கிறார்.