டெஸ்ட் டிரைவ் போகாமலே எஸ்டிமேட் போடுகிறார்கள்: பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் ஆடும் கார்க்காரர்கள் கவனத்துக்கு

சேலம், தருமபுரி பக்கம் கார் வைத்திருப்பவர்கள், அதிலும் தொப்பூர் கணவாயில் அடிக்கடி ஏறி இறங்குபவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஒர்க்‌ஷாப்பின் பெயரைப் போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது. தவிர, பெயரைவிட அவர்கள் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும். அதே விதத்தில் பிழைப்பவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

வண்டி ஏழு வயதான பெட்ரோல் ஹேட்ச்பேக். முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். எண்பதில் போனாலும் நூறில் போனாலும் ஸ்டியரிங் அசையாது. பிரேக்கில் கால் வைத்தால்தான் கோளாறு: ஸ்டியரிங் வெடவெடவென்று இடமும் வலமுமாக நடுங்கும், பெடலும் பாதத்தைத் திருப்பித் தள்ளும். காலை எடுத்த நொடியில் எல்லாம் அடங்கிவிடும். சர்வீஸ் அட்வைசரிடம் இதை அப்படியே சொல்லி, வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டிலும் ‘பிரேக் பிடிக்கும்போது மட்டும்’ என்று எழுத வைத்தேன். இன்றைக்குப் புகாரில் எனக்கு இருக்கும் பெரிய பிடியே அந்த ஒரு வரிதான்.

அவர் வண்டியை ரோட்டுக்கு எடுக்கவே இல்லை. லிஃப்டில் ஏற்றி, முன் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிவிட்டு, “ரேக்ல பிளே இருக்கு சார். லோயர் ஆர்ம் புஷ்ஷும் போயிருச்சு. இப்படியே ஓட்டுனீங்கன்னா ஹைவேல ஸ்டியரிங் லாக் ஆயிரும்” என்றார். பிரேக் பிடித்தால்தானே ஆடுகிறது, சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் ரேக் எப்படிக் காரணமாகும் என்று கேட்டதற்கு, “எல்லாம் ஒண்ணுக்கொண்ணு கனெக்‌ஷன்தான் சார்.” வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டு என்று தெரிந்த ஆளிடம் ‘ஹைவேயில் லாக் ஆகும்’ என்று சொன்னால், அதற்கு மேல் யார் பேரம் பேசுவார்கள்? ரேக், இரண்டு லோயர் ஆர்ம், டை ராட் எண்ட், அலைன்மெண்ட், பேலன்சிங் எல்லாம் சேர்த்து இருபத்தெட்டாயிரத்துக்குக் கிட்டே வந்தது. கழற்றிய பாகங்களைக் கேட்டேன். ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம். ஜி.எஸ்.டி. பில் கேட்டபோதும் முகம் சுளித்தார்கள், விடாமல் வாங்கினேன்.

வண்டி வெளியே வந்து முதல் சிக்னலில் பிரேக் பிடித்தேன். அதே நடுக்கம்.

திருப்பி எடுத்துப் போனால், பேச்சு மாறிவிட்டது: “டிஸ்க் வளைஞ்சிருக்கு சார், லேத்துல போட்டு எடுத்தா சரியாயிரும்.” டிஸ்க்கைக் கடைந்தார்கள், டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பேடுகளைப் புதிதாகப் போட்டார்கள், பிரேக் ஆயில் மாற்றியதாகவும் எழுதினார்கள். இன்னும் ஒன்பதாயிரம். இந்த முறை நடுக்கம் நிஜமாகவே நின்றது. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது.

ஏன் திரும்பி வந்தது என்று விளக்கியவர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்ன ஷெட் போட்டிருக்கும் ஒரு பெரியவர். முதலில் சாவியை வாங்கி, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஆளில்லாத சர்வீஸ் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டினார். லேசாக ஒரு பிரேக், அழுத்தி ஒரு பிரேக். “தம்பி, பின்னாடி டிரம்ல கோளாறுன்னா சீட்டுல தெரியும். இது கையில தெரியுது. முன் டிஸ்க்குதான்.” ஷெட்டுக்குத் திரும்பியதும் இரண்டு முன் சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோனார், தொடவில்லை. இடது பக்கம் அனல் அடித்தது.

சக்கரத்தைக் கழற்றியபோது விஷயம் கண்ணெதிரே இருந்தது. பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர், இடது பக்கத்தில் நகர்ந்து கொடுக்க வேண்டிய ஸ்லைடு பின் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. ரப்பர் பூட் கிழிந்து உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அதனால் உள்பக்க பேட் மட்டும் டிஸ்க்கை விடாமல் உரசித் தேய்ந்து தகடாகியிருந்தது. வெளிப்பக்க பேட் கிட்டத்தட்ட புதுசு. இரண்டு பேட்டிலும் கம்பெனி முத்திரையோ பார்ட் நம்பரோ இல்லை. என் பில்லில் ‘ஒரிஜினல்’ என்று இருக்கிறது.

பிறகு டிஸ்க்கை நட் போட்டு இறுக்கி, நுண்ணிய ஆட்டத்தையும் முள்ளால் காட்டும் டையல் கேஜை வைத்துச் சுற்றிக் காட்டினார். முள் 0.15 மி.மீ. வரை ஆடியது. பெரும்பாலான கார்களில் 0.1 மி.மீ. தாண்டக் கூடாது. டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தால், அது உட்காரும் ஹப் என்ற சக்கர மையப் பாகத்தின் முகத்தில் துரு பொருக்காக ஏறியிருந்தது. பொருக்கின் மேல் உட்கார்ந்த டிஸ்க் எப்படி நேராகச் சுற்றும்? கோணலாகச் சுற்றும் டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை உரசும். அந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து தடிமன் ஏறுமாறாகிவிடும். 0.02 மி.மீ. வித்தியாசமே ஸ்டியரிங்கில் தெரியப் போதும். ஆக, டிஸ்க் வளையவும் இல்லை, ரேக்குக்கும் இதற்கும் சம்பந்தமும் இல்லை. டிஸ்க்கைத் தனியாக லேத்தில் கடைந்து அதே துரு மேல் மறுபடி மாட்டினால் கொஞ்ச நாள் சுகமாக இருக்கும், பிறகு பழைய கதைதான். ஒர்க்‌ஷாப்புக்காரருக்கு இது தெரியாமல் இருந்திருக்கலாம் என்று முதலில் நினைத்தேன்.

பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்ததும் அந்த நினைப்பும் போயிற்று. உள்ளே கறுத்த காப்பி நிறத்தில் பழைய ஆயில். மாற்றியதாகக் காசு வாங்கிய ஆயில் அது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கிவிடலாம். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் தொப்பூர் இறக்கத்தில், முன்னாலும் பின்னாலும் லாரிகள் நெருக்க, பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்போது அந்தச் சூடு காலிப்பருக்குள் எளிதில் ஏறும். உள்ளே ஆயில் கொதித்துக் குமிழி கட்டினால் பெடல் சும்மா உள்ளே போகும், வண்டி நிற்காது. ரேக்கில் போனது பணம். இதில் என்ன போயிருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய சரக்கு. விலை சில நூறு ரூபாய். அதிலுமா கை வைப்பார்கள்?

கடைந்ததில் டிஸ்க்கும் மெலிந்து, விளிம்பில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவைத் தொட்டுவிட்டது. புது டிஸ்க் இரண்டு, முத்திரை போட்ட பேட், ஸ்லைடு பின்களுக்கான ரிப்பேர் கிட், சிலிக்கான் கிரீஸ், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து எட்டாயிரத்துக்குள் முடித்தார். ஹப்பை வயர் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து, மறுபடி கேஜ் வைத்துக் காட்டியபின்தான் சக்கரத்தை மாட்டினார். நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்காமல், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சில், எதிரெதிராக இறுக்கினார். ஏறுமாறாக இறுக்கினாலும் டிஸ்க் கோணும் என்பது எனக்குப் புதுச் செய்தி.

எல்லா நடுக்கமும் பிரேக்கால் வருவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பிரேக்கைத் தொடாமலே எண்பது, நூறில் மட்டும் ஆடினால் பேலன்சிங் அல்லது ரிம் அடிவாங்கியது. மெதுவாகப் போகும்போதே தள்ளாடினால் டயரை உடனே பாருங்கள், புடைத்திருக்கும். ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் மட்டும் அதிர்ந்தால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட். எது எப்போது ஆடுகிறது என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது, அதனால்தான் ஓட்டிப் பார்க்காதவரின் எஸ்டிமேட்டை நம்பக் கூடாது என்கிறேன். மெக்கானிக்கை உங்களோடு வண்டியில் ஏற்றுங்கள். டிஸ்க் வளைந்துவிட்டது என்றால் கேஜ் வைத்து எவ்வளவு என்று காட்டச் சொல்லுங்கள். பழைய பாகம் எனக்கு வேண்டும் என்பதை வேலை தொடங்கும் முன்பே ஜாப் கார்டில் எழுத வையுங்கள். பில்லில் பார்ட் நம்பர் இல்லாவிட்டால் காசை நீட்டாதீர்கள்.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தேன். தீர்வு வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். புகார் போன பிறகு ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு போன் வந்தது. அடுத்த சர்வீஸில் வீல் அலைன்மெண்ட் இலவசமாகச் செய்து தருகிறார்களாம், புகாரை வாபஸ் வாங்க வேண்டுமாம். பேட், ஆயில், ரேக் மூன்றுக்கும் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.