மாத்திரை தர மறுக்கும் மருந்துக்கடைக்கு நான்கு நட்சத்திரம்

வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் எங்கள் தெருமுனையிலுள்ள மருந்துக்கடையைப் பற்றியது இது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளுக்குத் தள்ளுபடி உண்டு. மழை பெய்தால் படியில் தண்ணீர் தேங்கும். நான் இந்தக் கடையை எடைபோடுவதோ, அது எதை விற்க மறுக்கிறது என்பதை வைத்து.

என் மனைவிக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்தபின் டாக்டர் டிரமடால் எழுதிக் கொடுத்தார். வலிநிவாரணிதான், ஆனால் போதைக்காக விழுங்குபவர்களும் உண்டு. சீட்டை நீட்டியதும் கடையின் மருந்தாளுநர் அம்மா தேதியைப் பார்த்தார், டாக்டரின் பதிவு எண்ணைத் தேடினார், நீள நோட்டை எடுத்து டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எனக் கட்டம் கட்டமாக நிரப்பினார். கடைசியாகச் சீட்டில் முத்திரை குத்தினார். துறைமுகத்தில் சரக்கை எண்ணிக் கணக்கெழுதும் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அடித்தல் திருத்தல் இல்லாத பேரேட்டைக் கண்டால் மனம் குளிர்ந்துவிடும். டிரமடால் போல, டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத எச்1 பட்டியல் மருந்துகளுக்கு 2014 மார்ச்சிலிருந்து இந்தப் பதிவேடு கட்டாயம், 3 ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும். டிரமடாலை 2018இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள்ளும் கொண்டுவந்தார்கள்.

நான் நின்றிருந்தபோதே ஒரு பையன் வந்து இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை மேசையில் வைத்தான். "அக்கா, ஒரு அட்டை போதும். பில் வேண்டாம்." டிரமடால் அட்டையில் அச்சிட்ட விலை அதில் ஒரு சிறு பங்குதான். அந்த அம்மா எழுதுவதை நிறுத்தவில்லை. "சீட்டு இல்லாமல் கிடையாது தம்பி."

கஞ்சாவை ஒளித்து வளர்க்க வேண்டும், மூட்டை கட்டிக் கடத்த வேண்டும், வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். கை மாறும்போதெல்லாம் பயத்துக்கு ஒரு கூலி உண்டு. மாத்திரைக்கு இந்தச் செலவே இல்லை. உரிமம் பெற்ற ஆலையில் தயாராகி, வரி கட்டி, பட்டப்பகலில் வேனில் கடைக்கு வருகிறது. பதிவேட்டில் ஏறாமல் இந்தக் கண்ணாடி மேசையைத் தாண்டினால், அந்த ஒரு முழ தூரத்தில் கொள்ளை லாபம். கெடுபிடி கூடினால் வெளியே விலை ஏறும். விலை ஏறினால் கடைக்காரரின் சபலமும் ஏறும். போலீஸ் எத்தனை பையன்களை வளைத்துப் பிடித்தாலும், மேசைக்கு உள்ளே நிற்பவர் சபலப்பட்டால் தீர்ந்தது கதை. ஆயிரம் ரூபாயைத் தொடாத கடைக்கு என் மூன்று நட்சத்திரம் அங்கேயே போய்விட்டது. நான்காவது அந்தக் கையெழுத்துக்கு.

ஐந்தாவதை ஏன் பிடித்து வைத்தேன்? ஒரு சனிக்கிழமை இரவு மாத்திரை தீர்ந்து மனைவி வலியில் துடித்தார். முத்திரை விழுந்த பழைய சீட்டு செல்லாது. டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார். தெரிந்த முகம் என்றுகூடப் பார்க்கவில்லை. சட்டப்படி சரி, மறுக்கவில்லை. இரண்டு நாள் முன்பே புதுச் சீட்டு வாங்கி வையுங்கள் என்று முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! போதைக்காரனுக்குப் போடும் பூட்டு நோயாளியின் வீட்டையும் சேர்த்துப் பூட்டுவது புதிதல்ல. 1985இல் அந்தப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபின் உரிமச் சிக்கலுக்குப் பயந்து பல மருத்துவமனைகள் புற்றுநோயாளிகளின் வலியை அடக்கும் மார்ஃபினையே வாங்கி வைக்கவில்லை. அந்தச் சட்டத்தின் 2014 திருத்தம்தான் அந்த முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தியது.

போகிறவர்கள் அசல் சீட்டைக் கொண்டு போங்கள். போனில் காட்டும் படத்துக்கு அங்கே மதிப்பில்லை. மதியம் 2 முதல் 4 வரை கடை பூட்டியிருக்கும்.