செவுளைத் தூக்கிப் பார்க்கிற ஊரில் ஏஐ போஸ்டர்: ஜெமினியும் கேன்வாவும்

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வடசென்னையில் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடையோ, ராயபுரத்தில் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடையோ, காசிமேட்டில் மீன் எடுத்து வீடுகளுக்கு அனுப்பும் தொழிலோ வைத்திருப்பவருக்கு ஏஐ உதவியோடு விளம்பரப் போஸ்டர் செய்ய இரண்டு கருவி போதும். படத்துக்கு கூகுளின் ஏஐ ஆப்பான ஜெமினி, எழுத்துக்கு போஸ்டர் வடிவமைக்கும் ஆப்பான கேன்வா. இரண்டும் செல்போனிலேயே ஓடும். தொடங்குவதற்கு இரண்டிலும் இலவசக் கணக்கே போதும். "இந்த முப்பது டூலையும் சேவ் பண்ணி வெச்சுக்கோங்க" என்று ரீல்ஸில் வரும் பட்டியலையும், காசுக்கு விற்கும் ப்ராம்ப்ட் (ஏஐக்குக் கொடுக்கும் கட்டளை) பிடிஎஃப்களையும் தொடவே வேண்டாம். புதிதாக வருகிறவருக்குத் தலை சுற்றுவது பெரும்பாலும் அவற்றால்தான்.

ஜெமினியில் 2025 ஆகஸ்டில் 'நானோ பனானா' என்ற, படம் உருவாக்கித் திருத்தும் ஏஐ மாடல் வந்தது. அடுத்த மாதமே ஊரில் பாதிப் பேர் தங்கள் போட்டோவுக்குப் புடவை கட்டிப் பார்த்தார்களே, அந்தச் சங்கதிதான். புதிதாகப் படம் வரைய அதைக் கேட்பதைவிட, கையில் இருக்கிற போட்டோவைத் திருத்தச் சொல்வதில்தான் லாபம். "அத்தோ தட்டு வரைந்து கொடு" என்றால் பெரும்பாலும் சைனீஸ் நூடுல்ஸ்தான் வரும். முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், நொறுக்கிய பேஜோ (மொறுமொறு பொரிப்பு) என்று விலாவாரியாக எழுதிக் கொடுத்தாலும் பக்கத்தில் ஒரு ஜோடி சாப்ஸ்டிக் வந்து உட்கார்ந்துகொள்ளும். மாடல் படித்த கோடிக்கணக்கான படங்களில் பீச் ஸ்டேஷன் பக்கத்துத் தள்ளுவண்டிகள் எத்தனை இருக்கப்போகின்றன?

அதனால் போட்டோவை நீங்களே எடுங்கள். சாயங்காலம் நாலு மணி வாக்கில், நிழலில் தட்டை வைத்து எடுத்தால் நிறம் மாறாது. கடை லைட்டில் எடுத்தால் எல்லாம் மஞ்சளடிக்கும், அதைச் சரிசெய்யச் சொன்னால் ஏஐ உணவின் நிறத்தையும் சேர்த்து மாற்றும். லென்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் துடைத்துவிடுங்கள். தட்டைச் சுற்றி நாலு பக்கமும் கொஞ்சம் இடம் விடுங்கள், எழுத்து வைக்க அது வேண்டும். பிறகு படத்தை ஏற்றி, தமிழிலேயே இப்படி எழுதலாம்: "தட்டையும் அதில் இருக்கும் உணவையும் துளியும் மாற்றாதே. பின்னணியை மட்டும் பழைய மர மேசையாக மாற்று. வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வரட்டும். மேலே மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும்." எதைத் தொடக்கூடாது என்று முதல் வரியிலேயே சொல்வதுதான் முக்கியம்.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் கேளுங்கள். அதே உரையாடலில் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று ஏழெட்டு முறை திருத்தினால் படம் மெல்ல மெல்லக் குழம்பும். துணியின் நெசவு மழுங்கும், ஜரிகை வெறும் மஞ்சள் கோடாகும். ஒவ்வொரு முறையும் புதிய படத்தைத்தான் அது உருவாக்குகிறது என்பதால் வரும் வினை இது. மூன்றாவது திருத்தத்திலும் சரியாக வரவில்லையென்றால் புது உரையாடல் திறந்து, ஒரிஜினல் போட்டோவிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.

மீன்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "படத்தை அழகாக்கு" என்று மொட்டையாகச் சொன்னால் வஞ்சிரத்தின் கண்ணைப் பளிச்சென்று ஆக்கி, செதிலுக்கு மினுக்கு ஏற்றிக் கொடுத்துவிடும். வாங்குகிறவர்களோ செவுளைத் தூக்கிச் சிவப்பு பார்த்துத்தான் பையை நீட்டுவார்கள். படத்தில் ஒன்று, வீட்டு வாசலில் ஒன்று என்றால் அடுத்த வாரம் ஆர்டர் வராது. பின்னணி, வெளிச்சம் இரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஜெமினியின் இன்னொரு குறை, படத்தின் மூலையில் விழும் அதன் முத்திரை. இது ஏஐ படம் என்று காட்டும், கண்ணுக்குத் தெரியாத சிந்த்ஐடி என்ற குறியும் உள்ளே இருக்கும். விளம்பரத்துக்கு இதனால் கெடுதல் ஒன்றுமில்லை. அந்த மூலையில் முக்கியமான எதையும் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

தமிழ் எழுத்தை மட்டும் படக் கருவியிடம் விடவே கூடாது. மாடல்கள் முன்பைவிடத் தேறியிருப்பது உண்மை. ஆனாலும் புள்ளி விழுந்துபோகும், கொம்பு இடம் மாறும், 'ண'வுக்கு ஒரு சுழி கூடும் அல்லது குறையும். போன் நம்பரில் ஓர் எண் மாறினால் கவனிக்கக்கூட மாட்டீர்கள். இங்கேதான் கேன்வா வேண்டும். ஜெமினி படத்தை அதில் ஏற்றி, மேலே எழுத்தைத் தட்டச்சு செய்யுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் என்றால் 1080 × 1920 பிக்சல் அளவில் தொடங்குங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், பாலூ தம்பி, கட்டமரான் போன்ற தமிழ் ஃபான்ட்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தமிழ் இல்லாத ஃபான்ட்டை எத்தனை முறை மாற்றினாலும் எழுத்து அப்படியே நிற்கும். ஆப் கெட்டுவிட்டதோ என்று பலர் நினைப்பது இதனால்தான். கிரீடக் குறி உள்ளவை காசுக்கானவை. பின்னணி நீக்கும் வசதியும் அதில் சேர்ந்தது, ஆனால் அந்த வேலையைத்தான் ஜெமினி ஏற்கெனவே முடித்துவிட்டதே.

அச்சுக்குப் போகும்போதுதான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். 6 அடிக்கு 3 அடி ஃப்ளெக்ஸின் அகலம் 72 அங்குலம். 1024 பிக்சல் அகலமுள்ள படத்தை அதில் முழுக்க விரித்தால் அங்குலத்துக்கு 14 புள்ளிதான் (பிக்சல்) கிடைக்கும், கட்டம் கட்டமாகத் தெரியும். படத்தை 2 அடி அகலத்துக்குள் அடக்கினால் 42 புள்ளி வரும். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்க்க அது பரவாயில்லை. மீதி இடத்தை ஒரே நிறத்தால் நிரப்பி எழுத்துக்குக் கொடுங்கள். கேன்வாவில் 'பிடிஎஃப் பிரிண்ட்' என்று இறக்கினால் எழுத்து எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மை குறையாது. ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

வாசகத்தைத் தனியாக அனுப்பி "நீங்களே போட்டுக்கோங்க அண்ணா" என்று விடாதீர்கள். ஃப்ளெக்ஸ் கடையில் பாமினி என்ற பழைய வகை ஃபான்ட் பழக்கம் என்றால், நீங்கள் போனில் அடித்த யூனிகோட் எழுத்து அதில் நிற்காது, மறுபடி அடிக்க வேண்டும். போட்டோஷாப்பில் யூனிகோடைப் போடுகிறார்கள் என்றால் அதில் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்ற செட்டிங் இயங்க வேண்டும். இல்லையென்றால் கொம்பும் காலும் பிரிந்து 'கொ'வே கந்தலாகிவிடும்.

பாட்டு விளம்பரத்துக்கு சுனோ என்ற, பாட்டு உருவாக்கும் ஏஐ இருக்கிறது. டெம்போவில் மைக் கட்டிப் போடக் கச்சிதமான முப்பது வினாடி மெட்டு கிடைக்கும். ஆனால் இலவசக் கணக்கில் செய்த பாட்டை வியாபாரத்துக்குப் பயன்படுத்த அதன் விதி இடம் தராது, காசு கட்டித்தான் ஆக வேண்டும். உச்சரிப்பிலும் தகராறு உண்டு. தமிழில் ககரம் ஒன்றே என்பதால் 'கானா' என்று எழுதினால் காக்கையின் 'கா'வாகப் பாடிவிடலாம். அந்தச் சொல்லை மட்டும் ஆங்கில எழுத்தில் கொடுத்தால் பெரும்பாலும் வழிக்கு வரும். முதல் மாதத்தில் இது தேவையே இல்லை என்பது எங்கள் கருத்து.

கண்ணீர் அஞ்சலி பேனருக்கு மட்டும் ஜெமினி வேண்டாம். மங்கிய பழைய போட்டோவைத் தெளிவாக்கச் சொன்னால், இல்லாத விவரத்தை அது தானாக இட்டு நிரப்பும். மூக்கு கொஞ்சம் கூராகும், பார்வை மாறும். வேறு யாரோ ஒருவர் மாலைக்குள் இருப்பார். கீறலையும் கறையையும் கையால் நீக்கித் தரும் ஸ்டுடியோக்காரரிடமே அந்தப் படத்தைக் கொடுங்கள்.