‘டிஸ்க் செத்துவிட்டது’ என்று சொல்லும் கடை: வேலூர்ப் பக்கத்து மக்கள் கவனத்துக்கு

பழைய மேசைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஹார்டு டிஸ்க்கை வாங்கி, ஒரு கேபிளைச் செருகிப் பார்த்துவிட்டு ‘இது செத்துவிட்டது’ என்று கடைக்காரர் சொன்னால், அந்தக் கேபிளோடு மின்சாரப் பிளக்கில் செருகும் அடாப்டரும் இருந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் டிஸ்க்கைத் திருப்பி வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். என் சித்தப்பாவிடம் இந்த ஒரே தந்திரத்தை வைத்து 10,700 ரூபாய் கறந்திருக்கிறார்கள்.

சித்தப்பா குடியாத்தத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். செல்போன் கேமராக்கள் அந்தத் தொழிலை என்ன செய்தன என்பது ஊரறிந்த கதை, கடையை மூடிவிட்டார். ஸ்டூடியோவின் கம்ப்யூட்டர் பெட்டி பழைய இரும்புக்குப் போனது. அதிலிருந்த 1 டிபி டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார். எத்தனையோ கல்யாணங்கள் அதில் இருக்கின்றன. அதைவிட, ஆண்டுதோறும் வைகாசி முதல் நாளில் நடக்கும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை ஆண்டு தவறாமல் அவர் எடுத்த படங்கள் இருக்கின்றன. அந்த டிஸ்க்கை ஒரு கேசிங்கில் (வெளிப் பெட்டியில்) போட்டு, லேப்டாப்பில் யுஎஸ்பி வழியாகப் பார்க்கும்படி செய்துதரச் சொல்லி வேலூரில் ஒரு கடைக்குக் கொண்டுபோனார். கடையின் பெயரை எழுதவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது.

வேலை என்னவோ மிகச் சிறியது. டிஸ்க்கில் இரண்டு அளவு உண்டு. லேப்டாப்பில் இருப்பது இரண்டரை அங்குலம். அதற்கு 5 வோல்ட் போதும், யுஎஸ்பி கேபிளிலேயே அந்த மின்சாரம் வந்துவிடும். மேசைக் கம்ப்யூட்டரில் இருப்பது மூன்றரை அங்குலம். அதன் சர்க்யூட் போர்டு 5 வோல்ட்டில் இயங்கினாலும், உள்ளே தட்டுகளைச் சுழற்றும் மோட்டாருக்கு 12 வோல்ட் வேண்டும். யுஎஸ்பியில் 12 வோல்ட் வராது. அதனால்தான் மூன்றரை அங்குலக் கேசிங்கோடு தனியாக ஓர் அடாப்டர் கொடுக்கிறார்கள். டிஸ்க்கை உள்ளே தள்ளி, தகவலும் மின்சாரமும் போகும் சாட்டா முனையில் அழுத்தி, திருகுகளை முடுக்கினால் வேலை முடிந்தது. சாலிடரிங் கிடையாது, ஃபார்மட் செய்யவும் தேவையில்லை. விண்டோஸில் இருந்த டிஸ்க்கை விண்டோஸிலேயே செருகினால் உள்ளே இருந்தவை அப்படியே தெரியும்.

அந்தக் கடையில் நடந்தது வேறு. லேப்டாப் டிஸ்க்குக்கு உரிய, அடாப்டர் இல்லாத யுஎஸ்பி கேபிளை எடுத்துச் சித்தப்பாவின் டிஸ்க்கில் செருகியிருக்கிறார்கள். சாட்டா முனை இரண்டு அளவுக்கும் ஒன்றுதான், அதனால் அழகாகப் பொருந்திவிடும். விளக்கு எரிந்தது. டிஸ்க் சுற்றவில்லை. ‘கையை வைத்துப் பாருங்கள் சார், அதிர்வே இல்லை, மோட்டார் போய்விட்டது’ என்று அவர் கையைப் பிடித்தே டிஸ்க்கின் மேல் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். பம்பு செட்டுக்கு மூன்று பேஸில் இரண்டைப் பிடுங்கிவிட்டு ‘மோட்டார் எரிந்துவிட்டது’ என்று சொல்வதைப் போன்ற வேலை இது. ‘வேலூர் வெயிலுக்கு எந்த டிஸ்க்தான் தாங்கும்?’ என்று ஒரு விளக்கம் வேறு. நம் ஊர்க் கத்திரி வெயில் 42, 43 டிகிரியைத் தொடுகிறது, உண்மைதான். மேசைக் கம்ப்யூட்டர் டிஸ்க்குகள் பொதுவாக 60 டிகிரி வரை இயங்குவதற்கென்றே தயாரிக்கப்படுபவை. வெயிலின் மீதும் பழி போட்டாகிவிட்டது!

அடுத்து வந்தது ‘டேட்டா ரெகவரி’. டிஸ்க்கைச் சென்னையில் ஒரு லேபுக்கு அனுப்பி, மூடியைத் திறந்து, தட்டுகளிலிருந்து தகவலைப் படிக்கும் ஹெட்டை மாற்றி, படங்களை மீட்டுத் தருவார்களாம். கட்டணம் 6,500. மீட்ட படங்களைப் போட்டுத்தர ஒரு புதிய எக்ஸ்டர்னல் டிஸ்க் 4,200. சித்தப்பா அப்போதே பணத்தைக் கட்டிவிட்டார். அவர் இடத்தில் யாராக இருந்தாலும் கட்டியிருப்பார்கள். இருபது வருடத் திருவிழா ‘போய்விட்டது’ என்று கேட்டவரிடம் போய், நாலு கடையில் விசாரித்திருக்கலாமே என்று யாரும் கேட்க வேண்டாம்.

மறுநாள் மாலையே படங்கள் வந்துவிட்டன. எல்லாம் வந்துவிட்டன. பழைய டிஸ்க்கை என்ன செய்வது என்று கேட்டதற்கு, ‘இங்கேயே விட்டுவிடுங்கள், நாங்கள் அப்புறப்படுத்திவிடுகிறோம்’ என்றார்களாம். சித்தப்பா எந்தப் பொருளையும் லேசில் தூக்கிப் போடாதவர். சித்தி இதற்காகத் தினமும் அவரைத் திட்டுவார். அந்தக் குணம்தான் இப்போது எங்களுக்குச் சாட்சியை மிச்சம் வைத்திருக்கிறது. செத்த டிஸ்க்கை மஞ்சள் பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடியாத்தம் போயிருந்தபோது, ‘புது டிஸ்க் ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது, கொஞ்சம் பாரப்பா’ என்றார். படங்களை நகலெடுத்துப் பார்த்தால் விநாடிக்கு 30 எம்பி அளவில்தான் போகிறது. கேபிளின் முனைக்குள் பார்த்தேன், நான்கே தகடுகள். வேகமான யுஎஸ்பி 3.0 என்றால் ஒன்பது இருக்க வேண்டும். பெட்டியில் ‘3.0’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. அதே பெட்டியில் எம்ஆர்பி இல்லை, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர் இல்லை, மாதமும் ஆண்டும் இல்லை. பொட்டலமாக விற்கும் எந்தப் பொருளிலும் இவை இருந்தாக வேண்டும் என்பது 2011 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டமுறை எடையளவு விதி. பிஸ்கட் பாக்கெட்டிலேயே இருக்கிறது.

பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டேன். இலவசமாகக் கிடைக்கும். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் ஆயுள் கணக்கைத் தனக்குள்ளேயே எழுதி வைத்துக்கொள்கிறது; மின்சாரம் பெற்று இயங்கிய மொத்த நேரம், பழுதாகி மாற்றப்பட்ட செக்டர்கள் (தகவல் எழுதும் சிறு பகுதிகள்) எல்லாம் அதில் உண்டு. இந்தக் கணக்கைப் படித்துக்காட்டுவதுதான் அந்த மென்பொருளின் வேலை. ‘புதிய’ டிஸ்க் காட்டிய எண்ணிக்கை 19,400 மணி நேரத்துக்கு மேல். நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடியது என்று வைத்துக்கொண்டாலும் ஆறரை ஆண்டு உழைத்த டிஸ்க். மாற்றப்பட்ட செக்டர்களும் இருந்தன. மஞ்சள் எச்சரிக்கை. கேசிங்கைத் திறந்தால் உள்ளே யாருடைய லேப்டாப்பிலிருந்தோ கழற்றிய டிஸ்க், மேல் ஒட்டுத்தாளைச் சுரண்டிய தடத்தோடு.

எனக்கு ஆத்திரம் பொங்கியது இந்த இடத்தில்தான். பழைய டிஸ்க்கைக் கேசிங்கில் போட்டு எக்ஸ்டர்னலாக ஆக்கித் தாருங்கள் என்றுதானே சித்தப்பா போனார்? அவருடைய டிஸ்க்குக்கு அது முடியாது என்று சொல்லிவிட்டு, அதே வேலையை வேறு யாருடைய பழைய டிஸ்க்கிலோ செய்து, புதியது என்று அவருக்கே விற்றிருக்கிறார்கள்.

செத்த டிஸ்க்குக்கு வருவோம். மூடித் திருகுகளின் மேல் தயாரிப்பாளர் ஒட்டிய முத்திரைத் தாள் கிழியாமல் அப்படியே இருந்தது. மூடியைத் திறக்காமல் ஹெட் மாற்ற எந்த லேபாலும் முடியாது. அடுத்த வாரம் எங்கள் அலுவலகத்து டாக்கை (டிஸ்க்கைச் செருகிப் படிக்கும் கருவியை) எடுத்துப்போய், 12 வோல்ட் அடாப்டரோடு செருகினேன். ‘உய்ங்’ என்று சுற்ற ஆரம்பித்தது. கல்யாணங்கள், காதுகுத்துகள், சிரசு ஊர்வலங்கள், எல்லா ஃபோல்டரும் அதனதன் இடத்தில். மாற்றப்பட்ட செக்டர் பூஜ்யம். சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. சித்திதான் பேசினார். அதை இங்கே எழுத முடியாது.

உண்மையாகவே பழுதாகும் டிஸ்க்குகளும் உண்டு. இதையும் சொல்லிவிட வேண்டும். சரியான மின்சாரம் கொடுத்த பிறகும் ‘டக், டக்’ என்று சீராகத் தட்டும் சத்தம் வந்தால் உள்ளே ஹெட் அடிவாங்கியிருக்கலாம். அப்போது மீண்டும் மீண்டும் செருகிப் பார்க்காமல் உடனே எடுத்துவிட வேண்டும். இன்னொன்று, டிஸ்க்கைச் செருகியதும் ஃபார்மட் செய்யச் சொல்லி விண்டோஸ் கேட்கலாம். உள்ளே வேண்டிய கோப்புகள் இருந்தால் அதற்குச் சம்மதிக்காதீர்கள், கடைக்காரரையும் சம்மதிக்க விடாதீர்கள். சில கேசிங்குகளின் சர்க்யூட், செக்டர் அளவை மாற்றிக் காட்டும். ஒரு கேசிங்கில் ஃபார்மட் ஆன டிஸ்க் இன்னொன்றில் காலிபோலத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனிச் சொல்வது இன்னும் மோசமானது. அவர்கள் விற்ற டிஸ்க் ஏற்கெனவே பயன்பட்டது என்று உறுதிசெய்ய, அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் மென்பொருளை அதில் ஓட்டினேன். முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் படங்கள் வர ஆரம்பித்தன. ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள். பிறகு ஆதார் அட்டையின் ஸ்கேன், ஒரு வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். அங்கேயே நிறுத்திவிட்டு, மீட்டெடுத்தவற்றை அழித்துவிட்டேன். யாரோ ஒருவர் லேப்டாப் பழுது என்று கொண்டுபோய், ‘அப்புறப்படுத்திவிடுகிறோம்’ என்ற பேச்சை நம்பி விட்டுவந்த டிஸ்க்காகத்தான் அது இருக்க வேண்டும். கடையில் செய்திருப்பது விரைவு ஃபார்மட். அது பெயர்ப் பட்டியலைத்தான் அழிக்கும், கோப்புகள் தட்டிலேயே கிடக்கும். டிஸ்க்கை யாருக்காவது கொடுக்கத்தான் வேண்டும் என்றால், ‘குயிக் ஃபார்மட்’ என்ற கட்டத்திலிருக்கும் டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸ் விஸ்டா தொடங்கி எல்லாப் பதிப்புகளும் அப்போது டிஸ்க் முழுவதும் பூஜ்யத்தை எழுதிவிடும். 1 டிபி என்றால் மணிக்கணக்கில் ஆகும், ஆகட்டும்.

கடைக்குப் போய்க் கேட்டோம். முதலில் ‘ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிசெய்தது) என்று சொல்லித்தான் கொடுத்தோம்’ என்றார்கள். அவர்கள் கொடுத்த சீட்டில் ‘நியூ’ என்று எழுதியிருந்ததைக் காட்டினேன். அந்தச் சீட்டும் பில் அல்ல. ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட துண்டுக் காகிதம், ஜிஎஸ்டி எண் கிடையாது. ரெகவரி பற்றிக் கேட்டதும், ‘லேபில் என்ன செய்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது’ என்றார்கள். எந்த லேப் என்றதற்குப் பதில் இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்த பிறகு அவர்களாகவே அழைத்தார்கள். விற்ற டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தால் 4,200 தருவார்களாம், ரெகவரிப் பணம் கிடையாதாம். சித்தப்பா மறுத்துவிட்டார். பணத்துக்காக மட்டும் அல்ல. ‘அந்தக் குழந்தையின் போட்டோ அதில் இருக்கிறது. திரும்பவும் இவர்கள் கையிலேயே கொடுக்கச் சொல்கிறாயா?’ என்று என்னிடம் கேட்டார். முழு ஃபார்மட் செய்து கொடுத்துவிடலாம்தான், ஆனால் சாட்சியும் அதோடு போய்விடும். ஆகவே டிஸ்க் எங்களிடம் இருக்கிறது, பணம் அவர்களிடம் இருக்கிறது.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு மனு தயாராகிவிட்டது. எஸ்டிமேட் சீட்டு, முத்திரை கிழியாத மூடியின் படம், மணிக்கணக்கு காட்டும் திரையின் அச்சு மூன்றையும் இணைத்திருக்கிறோம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடை எங்கே இருந்தாலும் வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை. நடந்ததிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ‘மோட்டார் போய்விட்டது’ என்ற அதே வசனத்தை வேலூரில் நீங்களும் கேட்டிருந்தால், அந்த டிஸ்க்கை 12 வோல்ட் அடாப்டரோடு ஒருமுறை செருகிப் பாருங்கள். சுற்றினால், கடையில் கொடுத்த துண்டுச் சீட்டைத் தேடி எடுத்து வையுங்கள்.