சுருக்க வரைபடமா, முழு அளவு பேட்டர்னா?

பழைய காலத்து ஐரோப்பிய ஆடைகளைத் தைக்க விரும்புவோர் முன் இரண்டு வழிகள் உள்ளன: ஆடை வரலாற்றாய்வாளர் ஜேனட் அர்னால்டின் நூல்களில் உள்ளதுபோல, எஞ்சியிருக்கும் ஆடைகளை நேரில் அளந்து எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி வரைந்த படங்களைப் பெரிதாக்குவது ஒன்று, முழு அளவில் அச்சிட்ட பேட்டர்னை, அதாவது துணி வெட்டுவதற்கான மாதிரித் தாளை, வாங்குவது மற்றொன்று.

முழு அளவு பேட்டர்னில் பல உடல் அளவுகள் ஒரே தாளில் இருக்கும். தையலுக்கான ஓரமும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். விரைவாக முடிக்க வேண்டியவருக்கு அது போதும்.

நூலில் இருப்பதோ, என்றோ வாழ்ந்த ஒருவரின் உடலுக்கு மட்டும் பொருந்திய வெட்டு. பெரிதாக்கும்போது கோடு சற்றே பிசகினாலும் அந்தப் பிழை எட்டு மடங்காகும். காடாத் துணியில் தைத்துப் பார்க்காமல் பட்டில் கத்தரி வைக்கவே கூடாது. ஆயினும், 18ஆம் நூற்றாண்டு கவுனின் தோள் தையல் முதுகுப் பக்கமாகத் தள்ளி அமைவதும், முதுகுத் துண்டுகள் இடுப்பை நோக்கிக் குறுகுவதும், துணியை மிச்சப்படுத்தப் போட்ட ஒட்டுகளும் அதில் அப்படியே தெரியும். இன்றைய வசதிக்காக எளிமையாக்கிய பேட்டர்ன்களில் முதலில் மறைவது இந்த நுணுக்கங்கள்தான் என்பதால், நேரம் இருப்பவருக்கு நான் நூலையே பரிந்துரைப்பேன்.

எதைத் தேர்ந்தாலும், உள்ளே அணியும் இறுக்கக் கச்சையை முதலில் தைத்து, அதை அணிந்த பிறகே மேலாடைக்கு அளவெடுக்க வேண்டும்.