புல்தரையா, காய்கறிப் பாத்தியா, நட்டால் நிற்கும் தோட்டமா?

வீட்டு முன்னால் ஒரு சென்ட் புல்தரை வைத்திருப்பவர்கள் அது குடிக்கும் தண்ணீரை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். சித்திரை வெயிலில் புல் பச்சையாக நிற்க நாளுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் நீர் வேண்டும். ஒரு சென்ட் என்றால் ஏறக்குறைய 40 சதுர மீட்டர். ஆக, தினமும் 200 லிட்டர். லாரித் தண்ணீர் வாங்கும் வீடுகளிலும் கொரியன் புல்லுக்கு இதே கவனிப்புதான். வெட்டுவதும் கோரை பிடுங்குவதும் தனி. அத்தனைக்கும் ஒரு பிடி கீரை கிடைக்காது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

புல்லை எடுத்ததும் பலர் தக்காளி, கத்திரி, வெண்டை என்று பாத்தி போடுகிறார்கள். வெண்டை விதைத்த 45 நாளில் காய்க்கும். பறித்த அன்றே சமைக்கும் ருசிக்கு ஈடே இல்லை. ஆனால் வேலை புல்தரையைவிடக் கூடும். நாற்று விடணும், குச்சி கட்டணும், வெள்ளை ஈக்கு வேப்பெண்ணெய் அடிக்கணும். காய்ப்பு ஓய்ந்தால் பிடுங்கிவிட்டு, ஆடிப்பட்டம் போய்த் தைப்பட்டத்துக்கு மறுபடி முதலிலிருந்து. தினமும் தோட்டத்தில் நிற்க நேரம் இருப்பவர்களுக்கு இது சரிவரும்.

நேரம் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது மூன்றாவது வழி: ஒருமுறை நட்டால் வருஷக்கணக்கில் நிற்பவை. முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி. பாத்திரம் கழுவிய தண்ணீர் போகும் இடத்தில் வாழை. வேலியில் பிரண்டையும் கோவைக்காய்க் கொடியும். இடையில் தவசிக்கீரையும், மரக்கீரை எனப்படும் சாயாவும். முருங்கைக்குப் பெரியகுளத்தில் 1989-இல் வெளியிட்ட பி.கே.எம்-1 ரக விதை போட்டால் ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். காய்ப்பு முடிந்ததும் மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டால் காற்றுக்கு முறியாது, கீரையும் கைக்கெட்டும்.

புல் இருந்த இடத்துக்குச் சரியான மாற்று சர்க்கரைவள்ளிதான். ஒரு முழக் கொடியை இரண்டு மூன்று கணு மண்ணுக்குள் போகும்படி படுக்கவைத்தால் போதும். படர்ந்து தரையை மூடிவிடும், களைக்கு வெயில் கிடைக்காது. இளந்தளிரைப் பொரியல் செய்யலாம், நாலு மாதத்தில் கிழங்கு. தோண்டும்போது விட்டுப்போன துண்டுகள் தானாகவே துளிர்க்கும்.

இரண்டு கீரைகளில் மட்டும் கவனம் தேவை. சாயா இலையைப் பச்சையாகத் தின்னவே கூடாது. சயனைடு சேர்மம் உண்டு, 20 நிமிடம் கொதிக்கணும். தவசிக்கீரையைச் சமைத்து அளவாகச் சாப்பிடலாம். தைவானில் 1990-களில் எடை குறைய அதைப் பச்சையாகச் சாறெடுத்துக் குடித்தவர்களுக்கு நுரையீரலே பாழானது.

புல்லைக் கொத்த வேண்டியதில்லை. ஆனியில் ஒட்ட வெட்டி, நனைத்து, அட்டைப்பெட்டிகளை இடைவெளி இல்லாமல் விரித்து, மேலே ஒரு சாண் மக்கிய சாணமும் சருகும். இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் வெளுத்து மட்கிய புல்லும் நெளியும் மண்புழுவும் தெரியும். கோரை மட்டும் அட்டையைக் குத்திக்கொண்டு வரும். கிழங்கோடு எடுக்காவிட்டால் திரும்ப முளைக்கும். ஐப்பசி மழைக்கு முன் நட்டுவிட்டால் முதல் இரண்டு மாதத் தண்ணீர்ச் செலவு பெரும்பாலும் மிச்சம்.

தக்காளி ஆசை விடாதவர்கள் வெயில் விழும் மூலையில் நாலு பை வைத்துக்கொள்ளலாம்.